வீட்டு நிலைமையும் பிள்ளையின் புகைப்பழக்கமும்: ஓர் ஆசிரியையின் கேள்விக்குப் பதில்

களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் பத்தாம் தரத்துக்கு வகுப்பாசிரியையாக இருப்பவர் எனக்கு ஒரு கேள்வி எழுதியிருந்தார். அவருடைய மாணவர் இருவர் இடைவேளையின்போது மலசலகூடத்துக்குப் பின்னால் புகைத்துக்கொண்டிருக்கையில் பிடிபட்டிருக்கிறார்கள். ஒருவன் கடற்றொழிலாளியின் மகன். மற்றவன் அரச அலுவலகம் ஒன்றில் பொறுப்பான பதவியில் இருப்பவரின் மகன். முதலாமவனைப் பற்றி ஆசிரியர்கள் அதிகம் பேசவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று முடித்துவிட்டார்கள். இரண்டாமவனைப் பற்றித்தான் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். கூடாத கூட்டு என்றார்கள். “குடும்பத்தின் சமூக, பொருளாதார நிலைக்கும் பிள்ளை புகைப்பதற்கும் உண்மையில் என்ன தொடர்பு? வறுமைதான் காரணமா? இருவரையும் இரண்டு கிழமைக்கு இடைநிறுத்த வேண்டும் என்கிறார்கள், அது சரியா?” என்பதே அவர் கேட்டது.

மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோரத்திலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தொடர்பு உண்டு, அது வலுவான தொடர்பும்கூட. ஆனால் உங்கள் சக ஆசிரியர்கள் நினைக்கும் தொடர்பு அல்ல. வறுமை எந்தப் பிள்ளையின் கையிலும் சிகரட்டைக் கொண்டுவந்து கொடுப்பதில்லை. யார் புகைப்பதைப் பார்த்துப் பிள்ளை வளர்கிறது, அதன் கைக்குக் காசு எந்த வழியாக வருகிறது, பாடசாலை விட்டபின் இருட்டும் வரையில் அதற்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், எத்தனை வயதில் அதை ஊர் பெரிய ஆளாகக் கணக்கெடுக்கிறது என்பவற்றைத்தான் குடும்பத்தின் நிலை தீர்மானிக்கிறது. ஏழை வீட்டில் இவை ஒரு விதமாகவும் வசதியான வீட்டில் வேறு விதமாகவும் அமைகின்றன. இரண்டு வீட்டிலும் புகை நுழைவதற்கு வழி உண்டு, வழிகள்தான் வேறு.

எண்ணிக்கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 13 முதல் 15 வயது வரையான மாணவரிடையே 2015 இல் இலங்கையில் நடத்தப்பட்ட உலகளாவிய இளையோர் புகையிலை ஆய்வின்படி, ஏதோ ஒரு வகையில் புகையிலை பாவித்துவந்தவர்கள் நூற்றுக்கு 3.7 பேர், ஆண் பிள்ளைகளில் 6.7, பெண் பிள்ளைகளில் 0.7. பெரிய தொகையல்ல என்று தோன்றும். ஆனால் அந்த ஆய்வு வகுப்பறைக்குள் இருக்கும் பிள்ளைகளிடம் கேட்டு எடுக்கப்பட்டது. எட்டாம், ஒன்பதாம் தரத்தோடு நின்றுவிட்டு மீன்வாடியிலும் கட்டட வேலையிலும் செங்கல் சூளையிலும் நிற்கும் பையன்கள் அந்தக் கணக்கில் இல்லை. பாடசாலைக்கு வரும் பிள்ளைகளை வைத்து மட்டும் குடும்ப நிலையின் தாக்கத்தை அளக்கப் போனால், தாக்கம் ஆக அதிகமாக விழுந்த பிள்ளைகள் அளவுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். இதை நாங்கள் எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அதே காலப்பகுதியில் வளர்ந்தவர்களிடம் எடுக்கப்பட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பில் ஆண்களில் நூற்றுக்கு 29 பேர் அளவில் புகைப்பவர்களாக இருந்தார்கள். பெண்களில் ஆயிரத்துக்கு ஒருவர்தான். ஆகவே எங்கள் நாட்டில் வீட்டுக்குள் புகை என்றால் அது அப்பாவின் புகை, மாமாவின் புகை, அண்ணனின் புகை. பிற நாடுகளில் நடந்த பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2011 இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, தந்தை புகைக்கும் வீட்டில் பிள்ளை புகைக்கத் தொடங்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேலாகவும், கூடப்பிறந்தவர் ஒருவர் புகைக்கும் வீட்டில் இரண்டு மடங்குக்கு மேலாகவும் இருப்பதாகக் கண்டது. அண்ணனின் பங்கு அப்பாவின் பங்கைவிடப் பெரிதாக இருப்பது எனக்கு வியப்பாக இல்லை. அப்பாவின் சிகரட்டைப் பிள்ளை பார்க்கிறது; அண்ணனின் சிகரட்டில் அதற்குப் பாதி கிடைக்கிறது.

இந்தப் ‘பார்த்துப் பழகுதல்’ எப்படி நடக்கிறது என்பதை எங்கள் ஊர் நிலைமையில் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வெள்ளாமை வெட்டுக் காலத்தில் ஒரு வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், நோய்த்தடுப்பு வேலையாகப் போயிருந்தேன். வாடி என்னும் காவல் குடிசையின் முன்னால் நாலைந்து பேர் இருந்தார்கள். தேநீர் கொண்டுவந்த பையனுக்குப் பதின்மூன்று வயதுக்குமேல் இராது. அவனுடைய தகப்பன் ஒரு பீடியை நீட்டி, “மனே, இத அடுப்பில பத்த வெச்சிட்டு வா” என்றார். நல்ல காற்று அடித்துக்கொண்டிருந்தது. பையன் அடுப்புக் கொள்ளியில் பீடியைப் பிடித்தான். அணைந்துவிடாமல் இருக்க வாயில் வைத்து ஒரு இழுவை இழுத்தான். பிறகு ஓடிவந்து தகப்பனிடம் கொடுத்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் யாருடைய கண்ணிலும் அது புகைத்தலாகவே படவில்லை. அந்தப் பிள்ளையின் முதல் இழுவை கெட்ட கூட்டாளியால் வந்ததல்ல, திருட்டுத்தனத்தாலும் வந்ததல்ல. தகப்பன் சொன்னதைத் தட்டாமல் செய்ததால் வந்தது.

கடைக்கு அனுப்புவதும் இதே போன்றதுதான். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். கடைக்காரர்களுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. அறிவித்தலும் சுவரில் தொங்கும். ஆனால் “அப்பாவுக்கு” என்று ஒரு பிள்ளை வந்து நின்றால் கொடுத்துவிடுவார்கள், ஏனென்றால் அந்த அப்பாவை அவர்களுக்குத் தெரியும். ஒரு முறை ஒரு சில்லறைக் கடையில் சோதனை செய்தபோது கடன் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். அரிசி, பருப்பு, சீனி என்ற வரிசைக்கு நடுவே ‘சி 2’, ‘சி 2’ என்று நாளுக்கு நாள் எழுதப்பட்டிருந்தது; மாத நடுப்பகுதியில் அது ‘சி 3’ ஆகியிருந்தது. அப்பாவின் கணக்கில் மூன்றாவதாக ஏறிய அந்த ஒன்று மகனுடையது என்பது பின்னர் தெரியவந்தது. புகைக்கும் தகப்பன் தன் சிகரட்டை எண்ணிவைப்பதில்லை. சட்டைப் பையில் ஒன்று குறைந்தாலும், கணக்கில் ஒன்று கூடினாலும், பிள்ளையின் உடையில் மணம் இருந்தாலும் அவருக்குப் பிடிபடாது. புகைக்கும் வீடு பிள்ளைக்கு முன்மாதிரி காட்டுவதோடு நிற்பதில்லை. புகை, காசு, மறைவு மூன்றையும் சேர்த்தே கொடுக்கிறது.

இனி வறுமைக்கு வருகிறேன். ஒரு சிகரட்டின் விலை நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட காலம் இது. ஒரு நாளைக்கு ஐந்து சிகரட் புகைக்கும் தகப்பன் மாதத்துக்குக் குறைந்தது 15,000 ரூபாயைப் புகையாக விடுகிறார். அரசின் நலன்புரி உதவியான அஸ்வெசும திட்டம் 2023 இல் தொடங்கியபோது மிக வறிய குடும்பம் ஒன்றுக்கு மாதக் கொடுப்பனவாக வகுக்கப்பட்ட தொகையும் இதே 15,000 ரூபாய்தான். பீடிக்கு மாறுகிறவர்களின் செலவு குறையலாம், நோய் குறையாது. இந்தக் காசு வீட்டில் எதை இல்லாமல் செய்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் முதலில் போவது பிள்ளையின் வகுப்புக் கட்டணம், அடுத்தது பாடசாலைச் சப்பாத்து. சப்பாத்து இல்லாத பிள்ளை ஒரு கிழமை வராது. வகுப்புக்குப் போகாத பிள்ளை கணிதத்தில் விழும். விழுந்த பிள்ளை பின்வாங்கில் இருக்கும். வறுமைக்கும் புகைக்கும் உள்ள தொடர்பு ஒரு பக்கமாக மட்டும் ஓடுவதில்லை. தகப்பனின் புகை வீட்டை ஏழையாக்குகிறது, அந்த ஏழ்மை மகனைப் புகை இருக்கும் இடத்துக்கு அனுப்புகிறது.

மகனைப் புகை இருக்கும் இடத்துக்கு அனுப்புவது என்று நான் சொல்வது வேலைத்தளத்தைத்தான். என் அனுபவத்தில் குடும்பத்தின் பொருளாதார நிலை பிள்ளையின் புகைப்பழக்கத்தைப் பாதிக்கும் ஆகப் பெரிய வழி இதுவே. பேச்சில் ஆகக் குறைவாக அடிபடுவதும் இதுவே. கட்டாயக் கல்வியின் வயதெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. வேலைக்கு அமர்த்துவதற்கான குறைந்த வயதும் 2021 இல் 16 ஆக்கப்பட்டது. சட்டம் இப்படி இருக்க, கரைவலை இழுக்கும் காலத்தில் வாழைச்சேனைக் கரையிலும் திருக்கோவில் கரையிலும் விடியற்காலையில் நின்று பார்த்தால் பாடசாலை வயதுப் பையன்களைக் காணலாம். அவர்களுக்குக் கூலியாகக் கொஞ்ச மீனோ காசோ கிடைக்கும். அந்தக் காசை அவன் அம்மாவிடம் கொடுக்கிறான். அம்மா அதில் ஒரு பங்கை அவனிடமே திருப்பிக் கொடுக்கிறாள், அவனும் உழைக்கிறவன்தானே என்று. இந்த இடத்தில்தான் பெரிய மாற்றம் நடக்கிறது. உழைத்துக் கொடுக்கும் மகனைத் தட்டிக் கேட்கும் உரிமை தனக்குக் குறைந்துவிட்டதாகத் தாய் நினைக்கத் தொடங்குகிறாள். கரையிலோ, அவனோடு வலை இழுக்கும் பெரியவர்கள் நடுவில் ஓய்வு நேரத்தில் ஒரு கட்டுப் பீடி கைமாறுகிறது. அதை வாங்காதவன் சின்னப் பொடியன். பதினான்கு வயதில் ஒருவனைச் சின்னப் பொடியன் என்பதைவிட அவனுக்குக் கசப்பான சொல் இல்லை.

ஆகவே ஏழைப் பிள்ளை கவலையால் புகைக்கிறான் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நான் முழுமையாக ஏற்பதில்லை. கவலை உண்டு. கிழமைக் கடன் அறவிட வருகிறவர்கள் வாசலில் நிற்கும் வீட்டில், தகப்பன் குடித்துவிட்டு வந்து சண்டை பிடிக்கும் வீட்டில், பிள்ளை வெளியே போய் நிற்கவே விரும்பும். வெளியே நிற்பவர்களின் பழக்கம் அதற்கும் வரும். 2006, 2007 ஆம் ஆண்டுகளில் போரினால் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இடம்பெயர்ந்து கூடாரங்களில் இருந்த காலத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் புகைக்கத் தொடங்கிய இளைஞர்கள் இன்று தகப்பன்மாராக இருக்கிறார்கள். இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் கவலையைவிட, தானும் பெரிய ஆள் என்று காட்டும் ஆசையே அந்த வயதில் அதிகம் வேலை செய்கிறது. ஏழைப் பிள்ளைக்கு அந்த ஆசை வேலைத்தளத்தில், மிக இளவயதில், பெரியவர்களாலேயே நிறைவேற்றிவைக்கப்படுகிறது.

தாய் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளைப் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிக்குப் போன தாயின் பிள்ளை கெட்டுப்போகும் என்று ஊரில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தாய்மாரைக் குற்றவாளியாக்குவதை நான் எப்போதும் எதிர்த்தே வந்திருக்கிறேன். கடனையும் வீட்டையும் பிள்ளையின் படிப்பையும் தன் முதுகில் சுமந்து போனவர்கள் அவர்கள். தாய் இல்லாத வீட்டில் பிள்ளையை உண்மையில் காப்பது எது என்று பார்க்க வேண்டும். எங்கள் பகுதியில் பெண் பிள்ளைக்கே வீடும் வளவும் சீதனமாகப் போகும்; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருகிறார். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இதுதான் வழக்கம். இதனால் அம்மம்மாவும் பெரியம்மாவும் சின்னம்மாவும், முஸ்லிம் வீடுகளில் சாச்சியும், ஒரே வளவிலோ வேலிக்கு அந்தப் பக்கத்திலோ இருப்பார்கள். தாய் குவைத்தில் இருந்தாலும் மாலையில் பையன் வீட்டுக்கு வந்தானா, சாப்பிட்டானா, யாரோடு வந்தான் என்று பார்க்க நாலு சோடிக் கண்கள் இருக்கும். இந்த அமைப்பு குலையாத கிராமங்களில் தாய் வெளிநாட்டில் இருப்பது மட்டும் பிள்ளையைப் புகைக்குத் தள்ளியதாக நான் காணவில்லை.

அது குலைந்த இடங்களில் கதை வேறு. 2004 டிசம்பர் 26 இல் சுனாமியாகக் கடல் வந்து போன பிறகு கரையோரக் குடும்பங்கள் திராய்மடு போன்ற உள்ளிடங்களில் புதிதாகக் கட்டிய வீடுகளில் குடியேற்றப்பட்டன. கூரையும் சுவரும் முன்பைவிட நன்றாகவே இருந்தன. ஆனால் அக்கா ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமுமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. அம்மம்மாவின் வளவு கடற்கரையோடு போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கண்டித்தால் சண்டை வரும் என்று ஒருவருக்கொருவர் அன்னியராக வாழும் தெருக்களில், மாலை நேரத்துக் கண்கள் இல்லாமல் போயின. அத்தகைய ஒரு குடியேற்றத்தில் நான் கண்ட வீடு ஒன்றில் வயதான அம்மம்மாவும் பதினைந்து வயதுப் பேரனும் மட்டும் இருந்தார்கள். தாய் அனுப்பும் காசை எடுக்கும் வங்கி அட்டை பேரனிடம் இருந்தது, ஏனெனில் அம்மம்மாவுக்கு அந்த இயந்திரத்தைத் தொடவே பயம். எடுத்த காசில் எவ்வளவு வீட்டுக்கு வந்தது என்று அவரால் கேட்க முடியவில்லை. சாப்பாட்டுக்கே அவனிடம் கேட்டு வாங்க வேண்டிய நிலை. வீட்டின் வருமானத்தைப் பார்த்தால் அது ஏழை வீடு அல்ல. ஆனால் காசு எந்தக் கையில் இருந்ததோ அந்தக் கைக்கு மேலே இன்னொரு கை இல்லை. அந்தப் பையன் தான் புகைத்ததோடு தன் வயதுப் பையன்கள் ஆறேழு பேருக்கும் வாங்கிக் கொடுத்துவந்தான்.

இது எங்களை உங்கள் இரண்டாவது மாணவனிடம் கொண்டுவருகிறது. கட்டிளம் பருவத்தினரின் கையில் புழங்கும் செலவுக்காசு கூடக் கூடப் புகைத்தலும் கூடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடும்பத்தின் வருமானத்தைவிட இந்தக் கைக்காசு நேரடியாகத் தாக்கம் செலுத்துகிறது. வசதியான வீட்டுப் பையன் பாடசாலை விட்டதும் தனியார் வகுப்புக்குப் போகிறான். ஒரு வகுப்பு மூன்று மணிக்கு முடியும், அடுத்தது நாலரைக்குத் தொடங்கும். கல்முனையிலும் மட்டக்களப்பு நகரிலும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் பையன்கள் எங்கே நிற்கிறார்கள் என்று எந்தப் பெற்றோருக்கும் தெரியாது. வகுப்பில் நிற்கிறான் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். பையில் இருநூறு, முந்நூறு ரூபாய் இருக்கும். சிகரட் ஒற்றையாகவும் விற்கப்படுவதால் முழுப் பெட்டி வாங்கும் காசும் தேவையில்லை, வீட்டில் ஒளித்துவைக்கும் தொல்லையும் இல்லை. உடையில் மணம் இருந்தால் தேநீர்க் கடையில் யாரோ புகைத்தார்கள் என்று சொன்னால் போதும். பெட்டியில் இடம்பெற வேண்டிய படத்துடன் கூடிய எச்சரிக்கை 2015 முதல் பெட்டியின் மேற்பரப்பில் நூற்றுக்கு 80 பங்கை மூடியிருக்கிறது. ஒற்றை சிகரட் வாங்கும் பிள்ளையோ பெட்டியைக் கையில் எடுப்பதே இல்லை.

வசதியான வீடுகளில் நான் கண்ட இன்னொரு பெரிய தடை மானம். ஏழைத் தாய் எங்களிடம் வந்து, “ஐயா, இவன் பீடி குடிக்கிறான், ஏதாவது சொல்லுங்க” என்று அழுவாள். உத்தியோக வீட்டுக்கோ வியாபார வீட்டுக்கோ நாங்கள் போனால் முதலில் கேட்கப்படுவது, “உங்களுக்கு யார் சொன்னது?” என்பதுதான். விசயம் வெளியே போகக்கூடாது என்ற கவலையில் ஒரு வருடம், இரண்டு வருடம் கடந்துவிடும். இஸ்லாமிய மார்க்கம் புகைத்தலை விலக்குகிறது என்பதை உறுதியாகக் கடைப்பிடிக்கும் வீடுகளிலும் இதே சிக்கல் உண்டு. அந்த உறுதி பல பிள்ளைகளைக் காத்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதையும் மீறித் தொடங்கிவிட்ட பிள்ளை வாப்பாவிடம் சொல்லவே முடியாத நிலைக்குப் போய்விடுகிறது. புகையிலையில் இருக்கும் நிக்கொட்டின், புகையை இழுத்த பத்து, இருபது விநாடிகளுக்குள் மூளையை எட்டிவிடும். வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் அதன் பிடி வேகமாக இறுகும். எப்போதாவது ஒன்று புகைக்கும் பிள்ளையிடம்கூடச் சில கிழமைகளுக்குள் பழக்கத்துக்கு அடிமையாகும் அறிகுறிகள் தோன்றலாம். ஆகவே வீட்டுக்காரர் மானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் இரண்டு வருடம் சிறிய காலம் அல்ல.

பெற்றோரின் படிப்பைப் பற்றியும் கேட்பீர்கள். படித்த பெற்றோரின் பிள்ளைகள் பொதுவில் குறைவாகப் புகைக்கிறார்கள் என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. புகைத்தால் புற்றுநோய் வரும் என்பது இன்று எழுதப்படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். ஆகவே அந்த அறிவு இதற்குக் காரணமல்ல. படித்த வீட்டில் பிள்ளைக்கு முன்னால் சாதாரண தரம், உயர்தரம், பல்கலைக்கழகம் என்று ஒரு பாதை போடப்பட்டிருக்கிறது. இழக்கக்கூடிய ஒன்று அதன் கையில் இருக்கிறது. பத்தாம் தரத்தோடு தன் படிப்பு முடியும் என்று பன்னிரண்டு வயதிலேயே தெரிந்த பிள்ளைக்கு, பாடசாலையில் நல்ல பெயர் எடுப்பதால் என்ன கிடைக்கப்போகிறது? குடும்ப நிலை பிள்ளையின் ஆசையைக் குறைத்துவைக்கிறது என்பதுதான் என்னை ஆகவும் வருத்தும் விசயம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கோ தான் படிக்கப் போகலாம் என்று உண்மையாக நம்பும் மீனவப் பிள்ளை, கரையில் நீட்டப்படும் பீடியை வேண்டாம் என்று சொல்வதை நான் கண்டிருக்கிறேன்.

பெண் பிள்ளைகள் புகைப்பது எங்கள் பகுதியில் மிக அரிது. ஆனால் அம்மம்மாவுக்கு வெற்றிலை இடித்துக் கொடுக்கும்போது புகையிலைத் துண்டைச் சுவைத்துப் பார்ப்பதும், ஆண் பிள்ளைகள் பாபுல், மாவா என்று வாயில் போட்டு மெல்லும் புகையிலைப் பொட்டலங்களுக்குப் போவதும் உண்டு. புகை வராததால் இவை வீட்டாரின் கண்ணில் படுவதில்லை. இதைத் தனியாக எழுத வேண்டும்.

அப்படியானால் குடும்ப நிலையை மாற்றாமல் ஒன்றும் செய்ய முடியாதா என்று கேட்டால், முடியும் என்பேன். தகப்பன் புகைத்தாலும் வீட்டுக்குள்ளும் வளவுக்குள்ளும் யாரும் புகைக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கும் குடும்பங்களில் பிள்ளைகள் புகைக்கத் தொடங்குவது குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிள்ளைக்கு எட்டு, ஒன்பது வயதாகுமுன் பெற்றோர் விட்டுவிட்டால் பலன் இன்னும் அதிகம். இதற்குக் காசு தேவையில்லை. எங்கள் ஆண்களால் விட முடியாது என்று சொல்கிறவர்களிடம் நான் வைகாசி மாதத்தை நினைவூட்டுவேன். கண்ணகி அம்மன் சடங்குக்குக் கதவு திறந்தால் நிறைவு நாளின் திருக்குளிர்த்தி முடியும் வரை பலர் மச்சம் (மீனும் இறைச்சியும்), குடி, புகை என்று எல்லாவற்றையும் விலக்கி வைக்கிறார்கள். நோன்பு மாதத்தில் காலை முதல் மஃரிப் என்னும் அந்திநேரத் தொழுகை வரை ஒரு இழுவை இல்லாமல் வெட்டு வேலை செய்கிறார்கள். அம்மனுக்காகவும் அல்லாஹ்வுக்காகவும் நிறுத்தக் கூடியவர்களிடம் பிள்ளைக்காக நிறுத்தச் சொல்லிக் கேட்பது நடக்காத காரியம் அல்ல. சடங்கு முடிந்த மறுநாளும் நோன்புப் பெருநாளும்தான் தகப்பன்மாரோடு இதைப் பேசுவதற்கு நல்ல நாட்கள். நாங்கள் புகையிலை எதிர்ப்பு தினமான மே 31 இல் பதாகை பிடித்ததில் கிடைக்காத பலன் அந்த நாட்களில் வாசலில் இருந்து பேசியதில் கிடைத்தது. விட விரும்புகிறவர்கள் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் 1948 என்ற தொலைபேசி இலக்கத்தையும் அழைக்கலாம். விலையைக் கூட்டுவதும் பலன் தரும். விலை நூற்றுக்குப் பத்து ஏறினால் எங்களைப் போன்ற நாடுகளில் பாவனை நூற்றுக்கு ஐந்து அளவில் குறையும், இளையோரிடம் அதைவிட அதிகம் குறையும். ஆனால் பீடியின் விலையையும் சேர்த்துக் கூட்டாவிட்டால் ஏழைப் பிள்ளை சிகரட்டிலிருந்து பீடிக்கு நகரும், அவ்வளவுதான்.

இனி இடைநிறுத்தத்தைப் பற்றி. உங்கள் பாடசாலை இருவருக்கும் ஒரே தண்டனை கொடுப்பதை நீதி என்று நினைக்கிறது. அந்த இரண்டு கிழமையும் இரண்டு வீடுகளில் எப்படிக் கழியும் என்று எண்ணிப் பாருங்கள். உத்தியோகத்தரின் மகன் கைத்தொலைபேசியோடு வீட்டில் இருப்பான். தகப்பன் யாரையாவது பிடித்துப் பேசி நாலு நாளில் திரும்பக் கொண்டுவந்து விடுவார். வகுப்பில் தவறியதைத் தனியார் வகுப்பு நிரப்பிவிடும். கடற்றொழிலாளியின் மகனோ, சும்மா ஏன் இருக்கிறாய் என்று மறுநாள் விடியற்காலையில் கரைக்கு அழைத்துச் செல்லப்படுவான். எந்த இடத்திலிருந்து அவனைப் பிரித்துவைக்கப் பாடசாலை இருக்கிறதோ அந்த இடத்துக்கே நாங்கள் அவனைக் கடிதம் கொடுத்து அனுப்புகிறோம். இரண்டாவது கிழமை முடிவில் அவன் கையில் சொந்த உழைப்பின் காசு இருக்கும். பதினைந்து வயதில் அந்தக் காசைக் கண்டபின் பத்தாம் தரத்து வாங்குக்குத் திரும்பி வருகிறவர்கள் மிகச் சிலர்.

ஆகவே, டீச்சர், அதிபரிடம் பேசி இந்த இடைநிறுத்தத்தைத் தடுக்கப் பாருங்கள். கடற்றொழிலாளியான தகப்பனைப் பாடசாலைக்கு அழைக்காதீர்கள். அழைத்தால் அன்றைய தொழிலை விட்டுவிட்டு வர வேண்டிய கோபத்தில் பிள்ளையை அடிப்பார், பிறகு வெளியில் போய் ஒரு பீடியைப் பற்றவைப்பார். வெள்ளிக்கிழமை பின்னேரம் நீங்களே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள். தாயிடமும், இருந்தால் அம்மம்மாவிடமும் முதலில் பேசுங்கள். பையன் கரைக்குப் போகும் நாட்கள் எவை, கூலிக்காசு யாருடைய கைக்கு வருகிறது, மாலை நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை அவன் எங்கே நிற்கிறான் என்ற மூன்றையும் கேளுங்கள். அதே கேள்விகளைக் கூச்சப்படாமல் உத்தியோகத்தரின் வீட்டிலும் கேளுங்கள்; கூலிக்காசுக்குப் பதிலாகச் செலவுக்காசு, கரைக்குப் பதிலாக இரண்டு வகுப்புகளுக்கு இடைப்பட்ட ஒன்றரை மணி நேரம். பிடிபட்டபோது அவர்கள் கையில் இருந்தது எந்தக் கடையில் வாங்கியது என்பதையும் மெல்லக் கேட்டறிந்து பரிசோதகரிடம் சொல்லுங்கள். அவர் செய்ய வேண்டிய வேலை அது. திங்கட்கிழமை காலையில் அந்த மீனவப் பையன் வகுப்புக்கு வந்தால் முன்வாங்கில், உங்கள் மேசைக்குப் பக்கத்தில் இருத்துங்கள். வராவிட்டால் அன்றைக்கே ஆளனுப்புங்கள். அடுத்த கிழமை வரைக்கும் விட்டுவைக்க வேண்டாம்.